பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து: திருகோணமலையில் இருந்தபடி பிஆர் அங்கீகாரத்துக்குத் தயாராவது எப்படி

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி போன மாதம் என்னிடம் கேட்டாள்: "அக்கா, சில பேர் பேருக்குப் பின்னால ஏபிஆர் எண்டு போடுறாங்களே, அது கோர்ஸா, பரீட்சையா, இல்லாட்டி காசு கட்டினா அனுப்பி வைப்பாங்களா?" நல்ல கேள்வி. நானும் இதே கேள்வியோடு இரண்டு வருடம் அலைந்தவள்தான். கேட்க ஆள் இல்லாமல் இணையத்தில் கண்டதையெல்லாம் வாசித்துக் குழம்பி, ஒருமுறை தேவையில்லாத இடத்தில் காசையும் கட்டி ஏமாந்து, அப்புறம்தான் ஒரு தெளிவுக்கு வந்தேன். அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், இந்த வேலைக்குப் புதிதாக வந்த மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன்.

முதலில், இது லைசன்ஸ் இல்லை

டொக்டருக்கும் சட்டத்தரணிக்கும் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. மக்கள் தொடர்புக்கு அப்படி ஒன்றும் இல்லை. இலங்கையிலும் இல்லை, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இல்லை. நாளைக்குக் காலையில் நீங்கள் ஒரு அட்டை அச்சடித்து "பிஆர்ஓ" என்று போட்டுக்கொண்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். சில நாடுகள் மட்டும் விதிவிலக்கு: பிரேசில் 1967 இலேயே இந்தத் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, நைஜீரியாவில் 1990 முதல் சட்டப்படியான அமைப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மூத்தவர் லைசன்ஸ் வேண்டும் என்று கடைசிக் காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார், நடக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொழிலில் இருப்பவர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டதுதான் இந்த அங்கீகாரம். விரும்பினால் எடுக்கலாம், எடுக்காவிட்டால் வேலை போகாது.

சான்றிதழ் வேறு, அங்கீகாரம் வேறு என்பதையும் இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் ஒரு வகுப்புக்குப் போய்க் கையில் ஒரு தாள் வாங்கினால் அது சான்றிதழ். நீங்கள் ஏற்கெனவே செய்த வேலையை, அதே வேலையில் இருக்கும் மற்றவர்கள் உட்கார்ந்து மதிப்பிட்டு, பரீட்சையும் வைத்து, சில வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கச் சொன்னால் அது அங்கீகாரம். நான் காசு கட்டி ஏமாந்தது இந்த வித்தியாசம் தெரியாமல்தான். ஒரு இணையத்தளம், மூன்று மணித்தியாலம் வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி, உடனே "சர்வதேச அங்கீகாரம் பெற்ற நிபுணர்" என்று பெயர் அச்சடித்த தாள். அதை வரவேற்பறையில் பிரேம் போட்டு மாட்டியும் வைத்திருந்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. எந்த அமைப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். என் அனுபவத்தை யாராவது சரிபார்க்கிறார்களா? மீறினால் பட்டத்தைப் பறிக்கக்கூடிய ஒழுக்க விதி இருக்கிறதா? புதுப்பிக்க வேண்டுமா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் அந்தக் காசுக்கு நல்ல இறால் வாங்கிச் சமைக்கலாம்.

எது எது இருக்கிறது

பழையதும் பலருக்குத் தெரிந்ததும் ஏபிஆர், அதாவது "மக்கள் தொடர்பில் அங்கீகாரம் பெற்றவர்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கமான பிஆர்எஸ்ஏ 1964 இல் தொடங்கியது, 1998 முதல் பல சங்கங்கள் சேர்ந்த ஒரு பொது அங்கீகாரச் சபை நடத்துகிறது. அந்தச் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஐந்து வருட அனுபவம் இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கிறார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இரண்டு கட்டத்தைத் தாண்ட வேண்டும்: ஒன்று மூன்று பேர் கொண்ட குழுவின் முன் நேரில் விளக்குவது, மற்றது கணினியில் எழுதும் பல்தேர்வுப் பரீட்சை.

அடுத்தது பிரித்தானியாவின் பட்டய மக்கள் தொடர்பு நிறுவனமான சிஐபிஆர். 1948 இல் தொடங்கிய அமைப்பு, 2005 இல் அரச பட்டயம் கிடைத்தது. இங்கே "பட்டய மக்கள் தொடர்பாளர்" என்ற நிலை இருக்கிறது. அதற்குப் பல்தேர்வு வினாத்தாள் கிடையாது. தொடர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்ற பதிவைக் காட்ட வேண்டும், பிறகு ஒரு மதிப்பீட்டு நாளில் ஒழுக்கம், தலைமை, உத்தி என்ற மூன்று தலைப்பில் கலந்துரையாடி நிரூபிக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்படிகளாகச் சான்றிதழ், டிப்ளோமா எல்லாம் தனியாக உண்டு, அவை கட்டுரை எழுதிச் சமர்ப்பிக்கும் வகை. நம்மூரில் லண்டன் பரீட்சைகளுக்குப் பழகிய குடும்பங்களுக்கு இந்தப் பாதை கொஞ்சம் இலகுவாகப் புரியும்.

மூன்றாவது ஐஏபிசி என்ற சர்வதேச வணிகத் தொடர்பாளர் சங்கத்தோடு சேர்ந்து உருவான சான்றளிப்புச் சபை. அது இடைநிலையில் இருப்பவர்களுக்கு சிஎம்பி என்ற பட்டமும் மூத்தவர்களுக்கு எஸ்சிஎம்பி என்ற பட்டமும் தருகிறது. நிறுவனத்துக்குள் ஊழியர் தொடர்பாடல், உள்மடல், தலைவர்களின் உரை என்று வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தும்.

எதை எடுப்பது? உங்கள் அடுத்த வேலை எங்கே என்று பாருங்கள். அமெரிக்க நிதியில் ஓடும் நிறுவனங்கள் பக்கம் போக விரும்பினால் ஏபிஆர், பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பக்கம் கண் இருந்தால் சிஐபிஆர். திருகோணமலைக்குள்ளேயே இருக்கப் போகிறேன் என்றால், உண்மையைச் சொல்கிறேன், இங்கே பத்து முகாமையாளரில் ஒன்பது பேருக்கு இந்த எழுத்துகள் என்னவென்றே தெரியாது. என் முதலாளி என் அட்டையைப் பார்த்துவிட்டு "இது உங்கட அப்பாவின்ர இனிஷலா" என்று கேட்டார். சம்பளம் அடுத்த மாதமே ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொழும்பிலும் வளைகுடாவிலும் சர்வதேச நிறுவனங்களிலும்தான் கேட்டு வருவார்கள்.

வயதும் நேரமும்

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர்கள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டாம், ஆனால் தயாராவதை இன்றே தொடங்கலாம். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகளுக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. அங்கே படித்து வருபவர்களுக்குக் கோட்பாட்டுப் பகுதி பாதி முடிந்த மாதிரி. அப்படிப் படிக்காமல், என்னைப் போல ஏ எல் முடித்துவிட்டு என்ஜிஓவில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, புகைப்படம் எடுக்கச் சொல்லி, அறிக்கை எழுதச் சொல்லி, மெதுவாக இந்த வேலைக்குள் விழுந்தவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கும் வழி இருக்கிறது.

கோப்பு

இந்த முழுக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

நான் முதல்முறை ஒரு மதிப்பீட்டுக் குழுவின் முன் உட்கார்ந்தபோது, கணினித் திரையில் மூன்று பேர். நான் ஒரு ஹோட்டலின் சீசன் தொடக்கப் பிரசாரத்தைக் காட்டினேன். பதினான்கு ஊடக அறிக்கை, பத்திரிகை நறுக்குகள் எல்லாம் ஸ்கேன் செய்து, பேஸ்புக் விருப்பங்கள் எத்தனை என்று வரைபடம் போட்டு, மே மாதம் அறைகள் நிரம்பிய கணக்கோடு முடித்தேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அவர்களில் ஒரு அம்மா மிக மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் இதில் எதையும் செய்யாமல் விட்டிருந்தால் அந்த மே மாதம் என்ன நடந்திருக்கும்?"

எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கினால் நிலாவெளியில் அறைகள் நிரம்பும். நான் அறிக்கை எழுதினாலும் நிரம்பும், எழுதாமல் தூங்கினாலும் நிரம்பும். நான் செய்த வேலையால் என்ன மாறியது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை, ஏனென்றால் தொடங்குவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று நான் எழுதியே வைக்கவில்லை. அந்த முறை என்னை அடுத்த கட்டத்துக்கு அனுப்பவில்லை, அதில் அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதனால் இன்றைக்கே ஒரு கோப்பு திறவுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: தொடங்க முன் நிலைமை என்ன, அது எப்படித் தெரியும்; யாரிடம் என்ன மாற வேண்டும்; என்ன செய்தோம், ஏன் அதைச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம்; முடிவில் என்ன மாறியது, எது மாறவில்லை. வரவு செலவையும் சேர்த்து வையுங்கள், முச்சக்கரவண்டிக் கூலி உட்பட. முதலாளியோடு நடந்த வாக்குவாதத்தையும் திகதி போட்டு எழுதுங்கள், ஐந்து வருடம் கழித்து "ஒரு தீர்மானத்தை மாற்ற நீங்கள் எப்படி ஆலோசனை சொன்னீர்கள்" என்று குழு கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும். வாடிக்கையாளரின் இரகசியம் எதுவும் கோப்போடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழுவுக்குக் காட்டுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒரு உதாரணம், புறாத்தீவு

இந்தத் துறைக்காரர்கள் எல்லாவற்றையும் நான்கு படியாகத்தான் யோசிப்பார்கள்: ஆய்வு, திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பீடு. ஏபிஆர் பரீட்சையிலும் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நான் இரண்டாம் முறை கொண்டுபோன திட்டத்தையே சொல்கிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் கடலுக்குள் இருக்கும் புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே முகமூடி போட்டு நீந்த வருபவர்கள் பவளப்பாறை மேல் ஏறி நிற்கிறார்கள் என்பது படகுக்காரருக்கும் விருந்தினர் விடுதிக்காரருக்கும் நீண்ட நாள் தலையிடி. இரண்டு விடுதி உரிமையாளர்கள் சேர்ந்து என்னைக் கூப்பிட்டு, "பெரிய பானர் ஒன்று அடிக்க வேண்டும், வாசகம் எழுதித் தாங்கோ" என்றார்கள். பழைய நான் என்றால் அன்று இரவே எழுதிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு வார இறுதி படகு ஏறும் கரையில் போய் உட்கார்ந்தேன். திரும்பி வருபவர்களிடம் மூன்றே கேள்வி. படகுக்காரர்களிடம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நீண்ட பேச்சு. தெரியவந்தது இதுதான்: பவளப்பாறை ஒரு உயிர் என்பது படகில் ஏறும்போது பத்துப் பேரில் மூன்று பேர் அளவுக்குத்தான் தெரிந்திருந்தது, மற்றவர்களுக்கு அது கல். ஏறி நிற்பவர்கள் குறும்புக்காக நிற்பதில்லை, நீந்தத் தெரியாமல் தண்ணீர் மூக்கில் போனதும் பயத்தில் கால் ஊன்றுகிறார்கள். படகுக்காரர் சொல்லும் எச்சரிக்கை என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை. ஏற்கெனவே இருந்த அறிவிப்புப் பலகையைப் பலர் திரும்பி வரும்போதுதான் பார்க்கிறார்கள். பானர் அடித்திருந்தால் அதுவும் திரும்பி வரும்போது படம் எடுக்க ஒரு பின்னணியாக இருந்திருக்கும்.

இனித் திட்டம். இலக்கு, பாறை சேதமாவது குறைய வேண்டும். இது பெரியது, அளக்கக் கஷ்டம், அப்படியே இருக்கட்டும். குறிக்கோள் அப்படி இருக்கக்கூடாது, யார், என்ன, எவ்வளவு, எப்போதுக்குள் என்று இருக்க வேண்டும்: "ஓகஸ்ட் முடிவுக்குள், படகேறும் உள்ளூர்ப் பயணிகளில் பவளம் உயிருள்ளது, அதில் நிற்கக்கூடாது என்று அறிந்தவர்கள் பத்துக்கு மூன்றிலிருந்து பத்துக்கு ஏழாக உயர வேண்டும்." உத்தி: பலகையைப் பேச வைக்காமல் படகுக்காரரைப் பேச வைப்பது, அதுவும் என்ஜின் தொடங்க முன், மணலில் நிற்கும்போதே. செயல்கள் இதற்குப் பிறகுதான் வரும்: மிதவை அங்கி கட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்ல மூன்று வசனம், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் லெமினேட் செய்த அட்டை, நீந்தத் தெரியாதவர் பிடித்துக்கொள்ள ஒரு மிதவைக் கயிறு. கயிறு மக்கள் தொடர்பா என்று கேட்பீர்கள். ஆய்வு கயிறு என்று சொன்னால் கயிறுதான்.

ஓகஸ்டில் அதே கேள்விகளை அதே கரையில் மறுபடி கேட்டேன். பத்துக்கு ஆறுதான் வந்தது. நீண்ட விடுமுறை நாட்களில் கூட்டம் நெருக்க, படகுக்காரர் பேச்சைத் தாண்டிவிட்டு ஆட்களை ஏற்றியதால் குறைந்தது என்று எழுதி, அடுத்த சீசனுக்கு என்ன மாற்றுவேன் என்றும் எழுதினேன். குழு அதிக நேரம் பேசியது அந்தத் தோற்ற ஒரு புள்ளியைப் பற்றித்தான், அதுவும் சந்தோஷமாக.

தமிழில் படித்தால் என்ன தெரியவரும்

பரீட்சை ஆங்கிலத்தில்தான். அதற்காக முழுவதையும் ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்யாதீர்கள். நான் ஒரு கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்கும் என் தமிழில் விளக்கம் எழுதினேன், அப்போதுதான் எனக்கு எங்கே குழப்பம் என்று தெரிந்தது. கோல் (மேலே சொன்ன இலக்கு), ஒப்ஜெக்டிவ் (குறிக்கோள்) இரண்டுக்குமே நாம் "நோக்கம்" என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம், அறிக்கைகளில் இரண்டும் கலந்து கிடக்கும். அவுட்புட், அவுட்கம் இரண்டையும் "பெறுபேறு" என்று மொழிபெயர்த்த பட்டறைத் தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது. எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தோம் என்பது வெளியீடு, வாசித்தவர் என்ன செய்யத் தொடங்கினார் என்பது விளைவு. இதைப் பிரிக்கத் தெரியாமல் எவ்வளவு படித்தாலும் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று "பொதுமக்கள்". நமக்கு அது ஒரே மூட்டை. "பொதுமக்களுக்கு அறியத்தருகிறோம்" என்று ஒலிபெருக்கி கட்டிப் போய்விடுவோம். இந்தத் துறையில் அது எப்போதும் பன்மை. மூதூரில் விவசாயம் செய்பவர், கிண்ணியாவில் மீன் ஏற்றி விற்பவர், சீனக்குடாவில் வேலைக்குப் போகிறவர், கோணேசர் கோவிலுக்கு வந்துவிட்டு அன்றே திரும்பும் கொழும்புக்காரர், எல்லாரும் வேறு வேறு பிரிவு, ஒவ்வொருவருக்கும் அக்கறை வேறு, நம்பும் ஆள் வேறு, கேட்கும் மொழி வேறு. மூன்று மொழி ஊரில் வளர்ந்த நமக்கு இது உண்மையில் மற்றவர்களைவிட இலகுவாகப் புரிய வேண்டும், கச்சேரிச் சுற்றுநிருபங்களை மொழிபெயர்த்தே வாழ்ந்ததால்தான் மறந்துபோகிறோம்.

கோட்பாடு கொஞ்சம்தான் வரும், ஆனால் விட்டுவிட முடியாது. 1984 இல் கிரூனிக், ஹண்ட் என்ற இரண்டு அறிஞர்கள் வகுத்த மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகளை (வெறும் விளம்பரப்படுத்தல், தகவல் தருதல், ஒருபக்கச் சாய்வான இருவழி, சமநிலையான இருவழி) நீங்கள் பார்த்த வேலைகளோடு பொருத்திப் படியுங்கள். அமெரிக்காவின் ஆரம்பகால மக்கள் தொடர்பாளர் ஐவி லீ 1906 இல் பத்திரிகையாளர்களுக்கு அனுப்பிய கொள்கை அறிவிப்பு, 1982 இல் அங்கே டைலனோல் என்ற வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்தபோது ஜோன்சன் அண்ட் ஜோன்சன் நிறுவனம் நடந்துகொண்ட விதம், இவை அடிக்கடி பேசப்படுபவை. பத்திரிகையில் வந்த செய்தியை அடிமட்டத்தால் அளந்து விளம்பர விலையால் பெருக்கி "இவ்வளவு இலட்சம் பெறுமதி" என்று முதலாளிக்குக் காட்டும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மக்கள் தொடர்பு வேலையை எப்படி அளப்பது என்று 2010 இல் வந்த பார்சலோனாக் கொள்கைகள் அது தொடர்பாடலின் பெறுமதி இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டன.

ஒழுக்கமும் சட்டமும்

பிஆர்எஸ்ஏ ஒழுக்கக் கோவையின் ஆறு விழுமியங்கள்: வாதாடல், நேர்மை, நிபுணத்துவம், சுதந்திரம், விசுவாசம், நியாயம். பாடமாக்க ஐந்து நிமிடம் போதும். கஷ்டம் வேறு இடத்தில். மாகாணச் செய்தியாளர் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு, மாதச் சம்பளம் இல்லை. அவர் மூதூரிலிருந்து உங்கள் நிகழ்ச்சிக்குத் தன் மோட்டார் சைக்கிளில் வருகிறார். பெற்றோல் காசு கொடுப்பதா? உறையில் போட்டுக் கொடுத்தால் அது செய்திக்கான விலையாகிவிடுமா? நான் எடுத்த முடிவு, எல்லாச் செய்தியாளரையும் ஒரே வாகனத்தில் ஏற்றி இறக்குவது, அல்லது தூரத்துக்கு ஏற்ற போக்குவரத்துத் தொகையை எல்லாருக்கும் ஒரே மாதிரி, கையெழுத்து வாங்கி, அழைப்பிதழிலேயே எழுதிக் கொடுப்பது. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. இதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு குழு உறுப்பினர் என்னோடு பத்து நிமிடம் வாதாடினார். நீங்கள் உங்கள் பதிலை யோசித்து வையுங்கள். விருந்தினர் எழுதியது போல நீங்களே நல்ல விமர்சனம் எழுதிப் போடச் சொல்லும் முதலாளி விஷயத்தில் மட்டும் யோசிக்க ஒன்றும் இல்லை, முடியாது என்று சொல்லுங்கள்.

சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஏபிஆர் பரீட்சை அமெரிக்காவில் பிறந்தது. அதனால் அவர்களுடைய பேச்சுச் சுதந்திரம், அவதூறு, பதிப்புரிமை, பங்குச்சந்தை நிறுவனங்கள் தகவலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி, இவற்றையெல்லாம் வெளிநாட்டுப் பாடமாகவே படிக்க வேண்டும். நம்முடையதையும் அதோடு கலந்து குழப்பிக்கொள்ளாமல் தனிப்பக்கத்தில் எழுதுங்கள்: இங்கே குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது, சிவில் வழக்கு இன்னும் போடலாம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி அரச நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது, நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இல். நகரசபை, பிரதேச சபை, ஆஸ்பத்திரி என்று அரச பக்கம் வேலை செய்பவருக்குத் தகவலறியும் சட்டம் பரீட்சைக்கு வராவிட்டாலும் மேசைக்கு வரும்.

நெருக்கடித் தொடர்பாடல் நமக்கு அந்நியமான பாடம் இல்லை என்பதால் நீட்டவில்லை. 2012 ஏப்ரல் 11 சுனாமி எச்சரிக்கை வந்த பின்னேரம் எங்கள் தெருவில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள், 2004 ஐப் பார்த்த சனம் எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. யார் சொன்னால் நம்புவார்கள், எந்த மொழியில் முதலில் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று அந்த ஒரு பின்னேரத்தை வைத்தே நீங்கள் ஒரு அத்தியாயம் எழுதலாம்.

காசு, மின்சாரம், நேரம்

கட்டணம் டொலரிலோ பவுணிலோதான். உறுப்பினர் சந்தா, விண்ணப்பம் அல்லது பரீட்சை, மறுபடி எழுதினால் அது, பிறகு புதுப்பித்தல் என்று எல்லாவற்றையும் சேர்த்து அந்த அமைப்பின் பக்கத்தில் இன்றைய தொகையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 2022 இல் சில வாரத்திலேயே டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் நிறுவனத்தில் பயிற்சிக்கென்று ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேளுங்கள், ஆண்டுத் தொடக்கத்தில் கேளுங்கள், நவம்பரில் கேட்டால் முடிந்திருக்கும்.

குழுச் சந்திப்பு திரை வழியாக என்றால் நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள். நியூயோர்க்கில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு மறுநாள் விடிய மூன்றரை அல்லது நான்கரை. நான் அதிகாலையில் எழும்பித் தலை இழுத்து, சட்டையை மாற்றி உட்கார்ந்தேன், பக்கத்து வீட்டுச் சேவல் முழு நேரமும் பங்குபற்றியது. மின்சாரம் நின்றால் ஓட மடிக்கணினி மின்கலம், தொலைபேசியில் தனி டேட்டா, இரண்டும் வேண்டும். ஒரு கொம்பனி சிம்மோடு நிற்காதீர்கள், மற்றக் கொம்பனியுடையதும் ஒன்று வைத்திருங்கள்.

குழுவின் முன் எழுதிவைத்ததை வாசிக்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, நிறுத்தி யோசித்துச் சொல்லலாம். "ஏன்" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் யாரையாவது உட்கார வைத்து ஒவ்வொரு வசனத்துக்கும் "ஏன், எப்படித் தெரியும்" என்று கேட்கச் சொல்லிப் பழகுங்கள். எனக்கு இதைச் செய்தது மகன், அப்போது பதினொரு வயது, எந்தப் பேராசிரியரும் அவ்வளவு கடுமையாகக் கேட்டதில்லை.

குழு அடுத்த கட்டத்துக்கு அனுப்பிய பிறகு ஏபிஆர் பரீட்சை, நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. கேள்விகள் பெரும்பாலும் ஒரு சிறு கதை சொல்லி "முதலில் என்ன செய்வீர்கள்" என்று கேட்பவை. நாலு விடையும் சரிபோலவே இருக்கும். அறிக்கை வெளியிடுவது ஒரு விடை, கூட்டம் வைப்பது ஒரு விடை, நிலைமையை விசாரித்து அறிவது ஒரு விடை என்று இருந்தால், உங்கள் கை பழக்கத்தில் அறிக்கைக்குப் போகும். பிடித்து நிறுத்துங்கள். தினமும் ஒரு மணித்தியாலம், நாலைந்து மாதம் படித்தால் போதும். சீசன் காலத்தில் ஹோட்டல்காரருக்கு நேரம் கிடைக்காது, ஒக்டோபருக்குப் பிறகு மழை தொடங்கி ஊர் அமைதியானதும் படிக்கத் தொடங்கிப் பங்குனியில் எழுதுகிற மாதிரித் திட்டமிடுங்கள்.

கிடைத்த பிறகும் முடியாது. ஏபிஆர் என்றால் மூன்று வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும், இடையில் படித்தது, கற்பித்தது, தொண்டாகச் செய்தது எல்லாம் கணக்கில் வரும், அதற்கும் பதிவு வேண்டும், ஆகவே அந்தக் கோப்பை மூடிவிட முடியாது.

தங்கச்சிக்கு இவ்வளவையும் அனுப்பினேன். "அக்கா, எங்கட மனேஜர் நாளைக்கு ஒரு பிரெஸ் ரிலீஸ் கேக்கிறார், நீச்சல் குளம் திறப்பு விழா" என்று பதில் வந்தது. "யாருக்கு என்ன தெரிய வேணும் எண்டு அவரிட்டக் கேளும்" என்று எழுதினேன். கேட்டாளாம். "எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேணும்" என்றாராம். அதையும் திகதி போட்டுக் கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன், அதுதான் அவளுடைய முதல் பக்கம்.